சத்தமில்லாத பேய்கள்

அத்தியாயம் 14

“ஏங்கா, அண்ணனைப் பேய் அடிச்சுட்டுதாமே, மெய்யா?”

சாம்பார்த் தூக்குச் சட்டியும் இட்லி டப்பாவுமாக ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்த செல்லக்கிளி, பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் பிறந்தவள். மனசு தங்கம்தான், ஆனால் வாய்க்கு மட்டும் வீக்லி ஆஃப் கிடையாது.

“யாரு சொன்னா?” என்றாள் சுப்புலட்சுமி.

“பிளாக்கே சொல்லிக்கினு இருக்குது. பால் வாங்கப் போனா இதான் பேச்சு, காய் வாங்கப் போனா இதான் பேச்சு. டிவியில பேய் வந்துச்சாம், அண்ணன் அதைப் பாத்துக்கினே இருந்தாராம், அப்படியே உழுந்துட்டாராம். நான் சொல்றேன்னு கோச்சிக்காதீங்கக்கா. வடக்குத்து ஊர்ல ஒரு பூசாரி இருக்காரு. வூட்டுக்கு இட்டாந்து ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுட்டா நிம்மதி.”

வேறு நாளாக இருந்தால் சுப்புலட்சுமி அவளை உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்திருப்பாள். எந்த நாட்டுப் பேய்க்குக் கால் உண்டு, எந்த நாட்டுப் பேய் கண்ணாடியில் தெரியாது, எது கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும் என்று விரல் விட்டுச் சொல்லியிருப்பாள். இன்று அதற்குத் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். டிவியில் ஒரு பழைய பேய்ப்படம் ஆரம்பித்திருந்தது. மனைவி சுப்புலட்சுமிக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்த மருதமுத்து, ஒரு வார்த்தை பேசாமல் பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அட்மிஷன் போட்டார்கள். பிரஷர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி ராத்திரி முழுக்க பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள்.

அந்த ராத்திரி முழுக்க சுப்புலட்சுமி ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். என் பைத்தியம்தான் இந்த மனுஷனைச் சாய்த்துவிட்டது.

அது சாதாரணப் பைத்தியம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மருதமுத்துவுக்கு சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஷிப்ட்தான். நைட் முடித்துவிட்டு வந்தால் பகல் முழுக்கத் தூங்குவார். குவார்ட்டர்ஸோ கைக்கடக்கமானது. இந்த அறையில் ஸ்பூன் விழுந்தால் அந்த அறையில் ஆள் எழுந்துவிடும். அதனால் அவர் தூங்கும் நேரத்தில் குக்கர் விசில் கிடையாது, மிக்ஸி கிடையாது, டிவிக்கும் சத்தம் கிடையாது.

புதுப் பெண்ணாக வந்த சுப்புலட்சுமி, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு டிவி பார்க்கப் பழகினாள். குடும்பப் படம் போட்டால் யார் எதற்காக அழுகிறார்கள் என்று புரியாது. காமெடிக்குச் சிரிப்பு வராது. பாட்டுக்காரர்கள் காரணமில்லாமல் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். ஒருநாள் பேய்ப்படம் ஒன்று ஓடியது. ஒரு வெறும் படிக்கட்டு, மேலே பாதி திறந்த ஒரு கதவு. அவ்வளவுதான், அவள் கையிலிருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. காஸெட்டில் பார்த்தாள், டிஸ்க்கில் பார்த்தாள், பென் டிரைவில் பார்த்தாள். ஜப்பான்காரன் எடுத்தது, இத்தாலிக்காரன் எடுத்தது, எடுத்தவனே மறந்துபோனது என்று எதையும் விடுவதில்லை. மொழி தெரியவில்லையே என்று யாராவது கேட்டால், சத்தமே இல்லாதபோது எந்த மொழியானால் என்ன என்பாள். பழைய பேய்ப்பட ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்குத் தனி மரியாதை உண்டு. ஏனென்றால் அவள் அளவுகோல் வேறு யாரிடமும் இல்லை. சத்தத்தை எடுத்துவிட்டால் பாதிப் பேய்களுக்குப் பிழைப்பே கிடையாது. ஜன்னலில் திடீரென்று ஒரு மூஞ்சி வந்து நிற்கும், அதைப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் மாதிரிதான் இருக்கும். சத்தமில்லாமலும் உள்ளங்கை சில்லிடுகிறதா? அதுதான் படம். அவளுக்கு உள்ளங்கை சில்லிட்டிருக்கிறது, ரசித்திருக்கிறாள், மெய்மறந்திருக்கிறாள். பயந்ததில்லை.

இப்போது மருதமுத்துவுக்கு வேலையில் கடைசி வருஷம். இந்த மாதம்தான் அவரை ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். இனி பகல் தூக்கம் இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன் சுபாஷ் அந்தச் சந்தோஷத்தில் அம்மாவுக்கு ஒரு சவுண்டு பார் வாங்கி அனுப்பினான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் வைத்து, அதுவும் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழுவில் பல வருஷமாகத் தேடிக் கிடைத்த ஒரு பழைய தமிழ்ப் பேய்ப்படத்தைப் போட்டாள். அவர் விழுந்தார்.

“அக்கா, ஒரு இட்லியாவது துன்னுங்க” என்று செல்லக்கிளி டப்பாவைத் திறக்கும்போது, வராந்தாவின் கோடியில் சுபாஷ் வந்துகொண்டிருந்தான்.

விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி, அப்பாவைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறான். தோளில் ஒரு பெரிய பை. முகத்தில் சிரிப்பு இல்லை.

“டாக்டர் வந்தாங்களா?”

“இனிமேத்தான்.”

“சரி. நான் ஒண்ணு பண்ணிட்டேன், நீ சத்தம் போடக் கூடாது.” பையைத் தட்டினான். “சவுண்டு பாரைக் கழட்டிட்டேன். உன் ஹார்ட் டிஸ்க், அலமாரியில இருந்த டிஸ்க்கு, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. இனிமே நம்ம வீட்டுல இந்தக் கருமம் வேண்டாம்மா.”

சுப்புலட்சுமி பையைப் பார்த்தாள். அத்தனை வருஷமும் ஒரு பைக்குள் அடங்கிவிட்டதே என்று இருந்தது.

“எடுத்துட்டுப் போ” என்றாள்.

அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். அம்மா இப்படிச் சொன்னதும் பையைத் தோளிலிருந்து இறக்கினான். செல்லக்கிளி இட்லி டப்பாவை மூடிவைத்தாள்.

“நான் உன் மேல கோவப்படலைம்மா” என்றான். “அந்த ஸ்பீக்கரை வாங்கி அனுப்புனது யாரு? நான்தானே. சும்மா இருந்தவங்களுக்கு நான்தானே வாங்கிக் குடுத்தேன். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா...”

“வாயைக் கழுவு” என்று அதட்டினாள் சுப்புலட்சுமி. அதட்டிவிட்டு, பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். சின்னப் பிள்ளையில் காய்ச்சலுக்கு ஊசி போட வந்தபோதும் இதே மாதிரிதான் ஒட்டிக்கொண்டு உட்காருவான்.

அவனிடம் அவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எடுத்துட்டுப் போ என்று அத்தனை சுலபமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆம்புலன்ஸில் வரும்போதே அவள் மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். ஆத்தா, இந்த மனுஷனை எழுப்பிக் குடுத்துடு, இனி என் கண்ணால ஒரு பேய்ப்படம் பார்க்க மாட்டேன் என்று முந்தானையில் ஒரு ரூபாயை முடிந்தாகிவிட்டது.

டாக்டர் வந்தபோது மருதமுத்து எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது.

“ஈசிஜி நல்லா இருக்கு. ரத்தத்துலயும் பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை” என்றார் டாக்டரம்மா. இளம் வயசுதான். “ஆனா பிரஷர் ஏன் இவ்வளவு இறங்குச்சுன்னு எனக்குப் பிடிபடலை. விழறப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

சுபாஷ் தலையைக் குனிந்தபடி சொன்னான். “பேய்ப்படம் பாத்துட்டிருந்தாங்க டாக்டர். பயந்துட்டாரு.”

“பயத்துல மயக்கம் வரும்தான். ஆனா படுக்க வெச்சா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும். இவருக்கு விடியற வரைக்கும் ஏறவே இல்லையே.” டாக்டர் மருதமுத்துவைப் பார்த்தார். “ரொம்ப பயங்கரமான சீனா?”

மருதமுத்து யோசித்தார். “எனக்கு ஞாபகம் இல்லைங்க டாக்டரம்மா. தலை கிர்ருனு வந்தது, அவ்வளவுதான்.”

சுப்புலட்சுமியால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. பழி தன் மேல் இருந்தால் பரவாயில்லை, படத்தின் மேல் பொய்ப் பழி விழுவதை அவளால் தாங்க முடியாது.

“பேயே வரலைங்க டாக்டர்.”

“என்ன?”

“அப்பத்தான் பேரு போட்டு முடிச்சாங்க. ஒரு குடும்பம் பங்களாவுக்குக் குடி வருது. சமையல்காரர் வெங்காயம் உரிக்கிறாரு. அந்த சீன்ல விழுந்தாரு. இந்த மாதிரிப் படத்துல முதல்ல கொஞ்ச நேரம் கதவுதான் ஆடும். முழுசாப் பேய் வராது.”

அறையில் இருந்த நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

“வெங்காயத்துக்கு யாரும் மயங்கி விழமாட்டாங்க. சரி, பிரஷர் மாத்திரை போன வாரம்தான் பவர் ஏத்தியிருக்கோம். தினம் ஒண்ணு, காலையில. நேத்து போட்டீங்களா?”

“தவறாமப் போட்டேங்க.”

“எப்போ?”

“எந்திரிச்சு, பல்லு விளக்கி, காப்பி குடிச்சதும்.”

சுப்புலட்சுமி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்திரிச்சதும்னா?”

“எந்திரிச்சதும்தான். காலையில.”

“நேத்து நீங்க ரெண்டு தடவை எந்திரிச்சீங்களே.”

மருதமுத்து இரண்டு விரலை மடக்கிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், பழைய பழக்கத்தில் நைட் ஷிப்ட் தூக்கமாகவே தூங்கிவிட்டார். வெயில் தாழும்போது முழித்தார். அத்தனை வருஷமாக அவருக்குப் பொழுது சாய்வதும் காலைதான், விடிவதும் காலைதான், எழுந்த நேரமெல்லாம் காலைதான். நைட் டூட்டிக்குக் கிளம்புகிற ஆளாகப் பல் விளக்கினார். சுப்புலட்சுமி காப்பி கொடுத்தாள். குடித்தார். கை தானாக மாத்திரை டப்பாவுக்குப் போனது.

“ரெண்டு போட்டுட்டேனா?” என்றார் மெதுவாக.

டாக்டர் ஷீட்டை மூடினார். முகம் தெளிந்திருந்தது. “ரெண்டு போட்டுட்டீங்க. அதுவும் புதுப் பவர். இந்த ஊர்ல நீங்க முதல் ஆளு இல்லைங்க. ஷிப்ட்ல இருந்து ஜெனரலுக்கு வர்றவங்ககிட்ட இதை நானே விலாவாரியாச் சொல்லியிருக்கணும். இனிமே காலைன்னா சூரியன் வர்ற காலை. சரியா? சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.”

“அப்ப படம்...” என்று இழுத்தான் சுபாஷ்.

“படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சுப்புலட்சுமி வெளியே வந்து வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி ஓடியே போய்விட்டது. பின்னாலேயே வந்த சுபாஷ் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

“மன்னிச்சிரும்மா. எல்லாத்தையும் மறுபடி மாட்டிக் குடுத்துடறேன்.”

“மாட்டு, மாட்டு” என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. அப்போதுதான் முடிந்து வைத்த முந்தானை கையில் இடறியது.

செல்லக்கிளி மட்டும் கொஞ்சம் ஏமாந்துபோனாள். “அப்ப பேயி இல்லியா? மாத்திரதானா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, பிளாக்குக்குப் புதுச் செய்தி கிடைத்த தெம்பில் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மருதமுத்து குளித்தார். மிளகு ரசமும் அப்பளமும் வைத்து ஒரு பிடி பிடித்தார். சோபாவில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினார்.

“சுப்பு, அந்தப் படத்தை மறுபடி போடு. வெங்காயம் உரிச்சவன் என்ன ஆனான்னு பாக்கணும். என்னமோ நான் பேய்க்குப் பயந்து விழுந்துட்டேன்னு ஊரே பேசுதாமே? வாசல் கதவைத் திறந்து வெச்சே போடு.”

சுபாஷ் சவுண்டு பாரை மாட்டிவிட்டு, “ரெடிம்மா” என்று ரிமோட்டை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள். ஆம்புலன்ஸ், மாரியாத்தா, முந்தானை முடிச்சு, எல்லாம்.

“அட என்னம்மா நீ” என்று சுபாஷ் தலையில் கை வைத்தான். “அதான் படத்துனால இல்லைன்னு ஆயிருச்சே. தப்பா வேண்டினது செல்லாதும்மா.”

“ஆத்தா காரணம் கேட்டுட்டா எழுப்பிக் குடுத்தா? எனக்கு நான் கேட்டது கெடைச்சிருச்சு. குடுத்த வாக்கு குடுத்ததுதான்.” முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள். “இவரு உக்காந்து ரசம் சாப்பிடறதை விடவா எனக்குப் படம் பெரிசு? விடு. பழகிரும்.”

பழகாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மருதமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். தான் தூங்குவதற்காக ஒருத்தி அத்தனை வருஷம் சத்தத்தை விட்டுக்கொடுத்தாள். இப்போது தான் எழுந்ததற்காகப் படத்தையும் விட்டுக்கொடுக்கிறாள். நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கண்ணால பாக்க மாட்டேன்னுதானே சொன்ன?” என்றார்.

“ஆமா.”

“காதால கேக்க மாட்டேன்னு சொல்லலையே. நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நான் பாத்துச் சொல்றேன்.”

“உங்களுக்குப் பேய்ப்படம் சொல்லத் தெரியுமா?”

“ஷிப்ட் மாத்தி விடறப்ப அடுத்த ஆளுக்கு ஒண்ணு விடாமச் சொல்றவன் நான். இதைச் சொல்ல மாட்டேனா?”

சுபாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அடுக்களை வாசலைப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தான். டிவிக்கு அவள் முதுகு. பிறகு, புது மாத்திரை வாங்கிவர வண்டியை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனான்.

விட்ட இடத்திலிருந்து படம் ஓட ஆரம்பித்தது.

“பங்களா. உள்பக்கம். ஒரு லேடி கையில விளக்கோட மாடி ஏறுறாங்க” என்றார் மருதமுத்து.

“வெளிச்சம் முகத்துல எந்தப் பக்கத்துல இருந்து விழுது?”

“அதெல்லாம் பாக்கணுமா?”

“அதைத்தான் பாக்கணும்.”

“கீழேருந்து.”

“அப்ப அவ நல்லவ இல்லை. மேல சொல்லுங்க.”

“லெஃப்ட் சைடு கதவு ஓப்பன். ரைட் சைடு கதவு குளோஸ். ஆள் நடமாட்டம் இல்லை. எல்லாம் நார்மல்.”

சுப்புலட்சுமிக்குச் சிரிப்புப் பொங்கியது. ஆனால் காது அவர் பேச்சையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டு மரம் முனகுவது கேட்டது. எங்கோ தண்ணீர் சொட்டியது. இத்தனை காலம் தன் மனசுக்குள் தானே போட்டுக்கொண்ட சத்தங்கள் வேறு. இவை வேறு. இவை அவளைக் கேட்காமலே வந்தன.

“இப்ப ஒரு ரூமு. நடுவுல ஊஞ்சல். ஊஞ்சல்ல யாரும் இல்லை. ஆனா...”

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. மறுபடியும் கிறீச்சிட்டது.

“ஆனா?” என்றாள்.

பதில் இல்லை.

“என்னங்க?”

சங்கிலிச் சத்தம் மட்டும்தான் வந்தது. நேற்றும் இப்படித்தான். இப்படித்தான் பேச்சே இல்லாமல் சரிந்தார். சுப்புலட்சுமிக்கு அதற்கு மேல் ஆத்தா ஞாபகம் வரவில்லை, வாக்கு ஞாபகம் வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து திரும்பினாள். கண் டிவிப் பக்கமே போகவில்லை. நேராக ஓடிப்போய் அவர் முன்னால் நின்று தோளைப் பிடித்தாள்.

மருதமுத்து சரியவில்லை. இரண்டு காலையும் சோபா மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தலையணையை முகத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தார்.

“என்னங்க, மயக்கமா? தலை சுத்துதா?”

“மயக்கமெல்லாம் இல்லை” என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. “வந்துருச்சு.”

“என்ன வந்துருச்சு?”

“அதான்டி. அது. நான் கண்ணை மூடிட்டேன். இனிமே என்னால ஆகாது. நீயே பாத்துச் சொல்லு.”

சுரங்கத்தின் பெரிய மெஷின்களுக்கு நடுவே காலம் முழுக்க வேலை பார்த்த மனுஷன் தலையணைக்குள் ஒளிந்திருப்பதைப் பார்த்து, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் மூச்சு சீராக வந்தது. கை சூடாக இருந்தது. அது போதும் அவளுக்கு. டிவிக்கு முதுகைக் காட்டியபடியே அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

பின்னால் ஊஞ்சல் சட்டென்று நின்றது. யாரோ அதிலிருந்து இறங்கினார்கள். ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டி, அவளுடைய முதுகை நோக்கி மெதுவாக நடந்து வந்தது. கழுத்தைத் திருப்பினால் போதும், தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை.

சுப்புலட்சுமிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேய்ப்படம் பயமாக இருந்தது. ரொம்ப நன்றாகவும் இருந்தது.